ஓட்டையில்லாத கூரை ஒழுகிய வரலாறு

மழையையும் வெயிலையும் கோப்பில் கட்டி வைத்து ஊருக்கு அளந்து கொடுக்கும் வானிலை அலுவலகத்தில் உத்தியோகம் பார்க்கும் என் அக்கா மகனும் அருமை மாப்பிள்ளையுமாகிய உனக்கு, உன் ஒரே தாய்மாமன் நெஞ்சு நிறைய அன்போடும் கை நிறைய சோப்போடும் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் அத்தையும் காய்ந்த துணி போல லேசாக, சுருக்கமில்லாமல் இருக்கிறோம். அவ்விடம் நீயும், சின்ன வயதில் என்னைக் காரணமில்லாமல் அடித்த உன் அம்மாவும் சளி இருமல் அண்டாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன். இருபத்திரண்டு வருஷமாக நான் கட்டிக் காத்த சலவைக்கடை என்னிடமே இருக்குமா, இல்லை சாவி ஓனரம்மா கைக்குப் போகுமா என்பது இப்போது உன்னிடம் இருக்கிறது. பயப்படாதே. பயப்பட வேண்டியவன் நான். எனக்கோ அந்தப் பழக்கம் கிடையாது.

கடை உனக்குத் தெரிந்ததுதான். ஒரே தகரக்கூரை, அதன் கீழே இரண்டு கடை. ஒரு பக்கம் நான், மறுபக்கம் புத்தகம் தைத்து அட்டை ஒட்டும் பைண்டர். நடுச்சுவர் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி, அப்புறம் கட்டியவனுக்கே அலுத்துப்போய் நின்றுவிட்டது. சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அதன் வழியாக அவருடைய பசை நாற்றம் எனக்கும், என்னுடைய பேச்சு அவருக்கும் போய்வந்துகொண்டிருக்கும். எனக்கு மூன்று விடுதிகளின் படுக்கை விரிப்புகள் வருகின்றன. (உன் அம்மாவிடம் ஏழு என்று சொல்லியிருக்கிறேன், நீயும் அதையே வைத்துக்கொள்.) இந்தக் குளிர்காலத்தில் வெயில் என்பது பெயருக்குத்தான், எதிரே மரம் அறுக்கும் பட்டறை வேறு வந்துவிட்டது, வெளியே காயப்போட்டால் வெள்ளை விரிப்பெல்லாம் மரத்தூள் அப்பிக்கொள்கிறது. சும்மா இருப்பேனா? கடைக்குள்ளேயே கொடி கட்டி, பாய்லரைப் பற்ற வைத்து, பக்கத்தில் இரண்டு அடுப்பையும் மூட்டி, சன்னல், காற்றுத் துவாரம், தகரத்தின் ஓரச் சந்து என்று ஒன்று விடாமல் சாக்கையும் பழைய துண்டையும் திணித்து அடைத்துவிட்டேன். ஒரு கொசு உள்ளே வர வேண்டுமானால் என்னிடம் அனுமதி வாங்க வேண்டும். இந்த வட்டாரத்திலேயே காற்றுப் புகாத சலவைக்கடை நம்முடையதுதான் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னேன். இந்தப் பெருமைதான் பின்னால் என் கழுத்துக்குக் கயிறாக வந்தது.

போன வாரத்துக்கு முந்தின வாரம் ஒரு காலை, நான் பாய்லரைப் பற்ற வைத்து அரை மணி நேரம் ஆகியிருக்கும், பைண்டர் வந்து வாசலில் நின்றார். பரம சாது. விரலெல்லாம் பசை, எதைத் தொட்டாலும் கூடவே வந்துவிடும். அன்றைக்குச் சட்டையில் ஒரு நூல்கண்டு ஒட்டியிருந்தது.

"அண்ணே, உங்க பக்கம் மழை பெய்யுதா?"

"வெளியில மூணு மாசமா ஒரு சொட்டு இல்ல, உள்ள எப்படிய்யா பெய்யும்? பசைய மோந்து மோந்து உனக்குத் தலை சுத்துது."

"தலை சுத்தல அண்ணே, தலையில சொட்டுது."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். அவருடைய பக்கத் தகரத்தில் முத்து முத்தாக நீர் கோத்து, சரிவில் மெல்ல நகர்ந்து, குறி பார்த்த மாதிரி வேலை மேஜை மேல் சொட்டிக்கொண்டிருந்தது. மேஜை மேல் மூன்றாம் வகுப்பு அறிவியல் புத்தகம் நானூறு. தைத்து, அட்டை ஒட்டி, பத்து நாளில் பள்ளிக்கூடத்துக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் அச்சகக்காரர் இனி வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். பைண்டர் அழவில்லை. ஆனால் அழுதிருந்தால் பார்க்கக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் ஒரு பார்வை பார்த்தேன், உடனே தீர்ப்புச் சொன்னேன்: கூரையில் ஓட்டை. பின்வீட்டு மாடியில் குடியிருக்கும் ஓனரம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். அந்த அம்மா முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நாம் வணக்கம் சொன்னால்கூட அதற்கு ஆதாரம் கேட்பார். மரப்பட்டறை ஆட்கள், டீக்கடைக்காரர், தெருவில் போனவர்கள் என்று ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

"ஓட்டை இருக்குதும்மா. கண்ணால பாக்கணும்னு அவசியமே இல்ல."

"இல்லன்னா?"

"இல்லன்னா நான் கடையையே காலி பண்ணிடறேம்மா!"

"எப்போ?"

"அடுத்த வெள்ளிக்கிழமை!"

வாய் என்னுடையதுதான், மாப்பிள்ளை, ஆனால் அது என்னைக் கேட்டுக்கொண்டு பேசியதாக இன்றுவரை சரித்திரம் இல்லை. ஓனரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "வெள்ளிக்கிழமை, எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். கூட்டத்தில் என் கடையில் துணி போடுகிறவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் தலையாட்டினார்கள்.

தகர வேலைக்காரர் வந்தார். கதவையெல்லாம் சாத்தி இருட்டாக்கிப் பார்த்தார், ஊசி முனை அளவு வெளிச்சம்கூட உள்ளே வரவில்லை. கூரை மேல் ஏறி இருபது வாளித் தண்ணீர் ஊற்றினார். (உன் அத்தை எட்டு என்கிறாள். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான், இருபது.) உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. அவர் இறங்கி வந்து, மேல்துண்டால் முகம் துடைத்து, "கூரை கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்லி வாயை மூடவில்லை, சொட்டு என்று அவருடைய மூக்கு மேலேயே ஒன்று விழுந்தது. மனுஷன் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "மேல ஊத்துனா ஒழுகல, ஊத்தாதப்ப ஒழுகுது. இது என் தொழில்ல வராது, நீங்க வேற ஆளப் பாருங்க" என்று போயே போய்விட்டார்.

இப்போது எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது. தெருவிலேயே தண்ணீரோடு புழங்குகிறவன் நான் ஒருவன்தானே. "உங்க தண்ணிதான் எப்படியோ இந்தப் பக்கம் வருது" என்றார் ஓனரம்மா. அங்கேதான் உன் மாமன் யார் என்று காட்டினேன். ஒரு தட்டை ஏந்தி அந்தச் சொட்டுகளைப் பிடித்தேன். எல்லார் முன்னாலும் நாக்கில் விட்டுச் சுவைத்தேன். "அம்மா, என் தொட்டித் தண்ணியில சோப்பு இருக்கும், வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டிருப்பேன். இதுல நுரை இருக்கா? நீலம் இருக்கா? பளிங்கு மாதிரி இருக்கு! என் தண்ணியா இருந்தா என் அழுக்கு அதுல இருக்காதா?" என்று கேட்டேன். கூட்டம் ஆ என்று வாயைப் பிளந்தது. கணக்கு டீச்சரே தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உன் அத்தை மட்டும் பின்னாலிருந்து, "அழுக்க சாட்சிக்குக் கூப்பிட்ட மொத ஆளு நீங்கதான்" என்றாள். அது பாராட்டு என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

குற்றமற்றவன் என்று நிரூபித்த பிறகு பெருந்தன்மை காட்டாவிட்டால் எப்படி? பைண்டரைக் கூப்பிட்டு, "நனஞ்ச புத்தகத்தை எல்லாம் இங்க கொண்டா, பக்கம் பக்கமா இஸ்திரி போட்டுத் தரேன், பசங்க தொட்டா மொறுமொறுன்னு இருக்கும்" என்றேன். அன்று சாயங்காலம் தொடங்கினேன். இஸ்திரிப் பெட்டியை வைத்தால் தாளிலிருந்து சுஸ்ஸென்று ஆவி கிளம்பும், ஒரு நொடியில் தாள் காய்ந்துவிடும். நூறு புத்தகம் முடித்து, அடுக்கி, அவருடைய மேஜைக்கு அனுப்பினேன். மறுநாள் காலை அந்த நூறும் முன்னைவிட ஈரமாக இருந்தது. மறுபடி இஸ்திரி. அதற்கு மறுநாள் இன்னும் ஈரம். வீம்புக்கு மூன்றாவது அடுப்பையும் மூட்டினேன். பைண்டர் பக்கம் தூறல் போய், நல்ல மழை பிடித்துக்கொண்டது. நான் எவ்வளவு காய வைக்கிறேனோ அவ்வளவு நனைகிறது. வாழ்க்கையில் முதல்முறையாக என் உழைப்பின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. பைண்டரோ தலையில் ஒரு பழைய அட்டையைக் கவிழ்த்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார். திட்டினாலாவது திருப்பித் திட்டலாம்.

புதன்கிழமை மத்தியானம் முப்பத்து நாலாம் பக்கத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அதுவரை எந்தப் பக்கத்திலும் ஈரத்தைப் பார்த்தேனே தவிர எழுத்தைப் பார்த்ததில்லை. மடிப்பு நீங்குகிறதா என்று குனிந்து பார்த்தவன், படத்தைப் பார்த்தேன். கீழே கடல். மேலே பல்லிளிக்கும் சூரியன். கடலிலிருந்து மேலே போகிற அம்புக்குறிகள். மேகம். ஒரு மலை. மலைக்கு அந்தப் பக்கம் மழை. மழை ஆறாகித் திரும்பக் கடலுக்கு. நீரின் சுழற்சியாம். நான் எட்டாம் வகுப்பு வரை போனவன், அதிலும் மூன்றாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். இரண்டு தடவையும் இந்தப் பாடத்தன்று மழை என்று லீவு விட்டுவிட்டார்கள். ஆகவே நிதானமாகப் படித்தேன். கடலில் உப்பு இருக்கிறதாம், ஆனால் வெயிலில் ஆவியாகி மேலே போவது தண்ணீர் மட்டும்தானாம், உப்பு கீழேயே தங்கிவிடுமாம், அதனால் மழைநீர் கரிக்காதாம். குளிர்ந்த இடத்தைத் தொட்டதும் ஆவி மறுபடி நீராகுமாம். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். என் தொட்டி. என் பாய்லர். எழும்பிப் போகிற புகை மாதிரி ஆவி. அடுப்புச் சூட்டில் என் பக்கத் தகரம் கொதித்துக்கொண்டிருக்கிறது, ஆகவே இங்கே தங்க அதற்கு மனசில்லை. நடுச்சுவர் மேல் இருக்கிற ஒரு முழ இடைவெளி வழியாகச் சாவகாசமாக அந்தப் பக்கம் போகிறது. அங்கே தகரம் ஐஸ் மாதிரி. சொட்டு. சோப்பும் நீலமும் என் தொட்டியிலேயே உட்கார்ந்திருக்கின்றன. நான் புத்தகத்திலிருந்து விரட்டுகிற ஈரமும் அதே வழியாகப் போய், அதே புத்தகத்தின் மேலேயே இறங்குகிறது. மூன்று நாளாக ஒரே தண்ணீரை நான் மேலே அனுப்ப, அது கீழே வர, நான் மேலே அனுப்ப. ஊர் உலகத்தில் கடல் கடலாகச் செய்கிற வேலையை, மாப்பிள்ளை, நான் ஒண்டியாளாக ஒரு தகரக் கொட்டகையில் செய்து காட்டியிருக்கிறேன். இன்னொன்றும் புரிந்தது: நான் கொட்டுகிற அழுக்குத் தண்ணீர்தான் சாக்கடை, ஆறு, கடல், மேகம் என்று சுற்றிச் சுத்தமாகி மறுபடி என் குழாய்க்கே வந்திருக்கிறது. மேகம் என்பது வேறொன்றுமில்லை, எனக்கு முன்னாலேயே தொழில் தொடங்கிவிட்ட சலவைக்கடை. சோப்பும் போடுவதில்லை, ரசீதும் கொடுப்பதில்லை.

உன் அத்தை உள்ளே வந்தவள் பயந்துபோனாள். "என்னங்க, வாய் மூடியிருக்கு? ஒடம்பு சரியில்லயா?"

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நானூறு புத்தகத்திலும் முப்பத்து நாலாம் பக்கத்தை மட்டும் பக்குவமாக எடுத்துவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. ஒரு பக்கம் குறைந்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சந்தோஷப்படத்தான் போகிறார்கள். அதற்குள் பைண்டர் வந்து நின்றார், தலையில் அட்டையோடு.

"படிச்சிட்டீங்களா அண்ணே?"

"எதை?"

"அந்தப் பக்கத்தைத்தான். நான் காலையிலயே படிச்சிட்டேன்."

"அப்புறம் ஏய்யா சொல்லல?"

"சொன்னா ஒத்துக்கிற ஆளா நீங்க? நீங்களே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கட்டுமேன்னு அந்தப் பக்கத்தை விரிச்சு மேல வச்சு அனுப்பினேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு நான் செய்தது அவ்வளவும் தெரிந்தும், ஓனரம்மாவிடம் போகாமல் என்னிடம் வந்தார் பார். அடுப்பை எல்லாம் அணைத்தேன். வியாழக்கிழமை தகர வேலைக்காரரை மறுபடி கூப்பிட்டேன்.

"கூரையில ஒரு ஓட்டை போடணும்."

"போன வாரம் ஓட்டைய அடைக்கக் கூப்பிட்டீங்க."

"அது போன வாரம்."

"இல்லாத ஓட்டைய அடைக்கச் சொன்னீங்க, இப்ப இருக்கிற கூரையைக் கிழிக்கச் சொல்றீங்க. வீட்டுல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா?"

உன் அத்தை வந்து தலையாட்டிய பிறகுதான் ஏறினார். பாய்லருக்கு நேர் மேலே, சட்டத்தை ஒட்டி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்டமாக வெட்டினார். நடுச்சுவர் மேல் இருந்த இடைவெளியைப் பலகை வைத்து அடைத்தோம். பாய்லரைப் பற்ற வைத்தேன். அடேயப்பா! ஆவி ரயில் மாதிரிக் கிளம்பி மேலே போனது. தெருவே வெளியே வந்து அண்ணாந்து பார்த்தது. கூரைக்கு மேலே தனியாக ஒரு மேகம் நின்றது, மரப்பட்டறைக்காரர் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், அதனால் சொல்லவில்லை. அன்று ராப்பகலாக நானும் பைண்டரும் உன் அத்தையும் உட்கார்ந்து நானூறையும் காய வைத்தோம். ஒரு சொட்டுத் திரும்பி வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை புத்தகமெல்லாம் வண்டி ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. அட்டை கொஞ்சம் அலை அடித்த மாதிரி நெளிந்திருக்கும். கடல் பாடம் இருக்கிற புத்தகம்தானே, பொருத்தமாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் சொன்னபடி ஓனரம்மா சாவிக்காக வந்தார், பின்னாலேயே அதே கூட்டம். நான் நடந்ததை ஒப்புக்கொண்டேன். கொஞ்சம் அழகுபடுத்தித்தான் சொன்னேன், ஆனால் ஒப்புக்கொண்டேன். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, "ஆனா அம்மா, ஓட்டை இருந்தா கடை எனக்குன்னுதானே பேச்சு? மேல பாருங்க. இருக்குதா, இல்லையா?" என்றேன். அந்த அம்மா மேலே பார்த்தார். வட்டமாக வானம் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவர் சிரித்துப் பார்த்தேன். பல்வரிசை பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி ஒழுங்காக இருக்கிறது. ஆனால் டீச்சர் டீச்சர்தானே. "ஆவி சொட்டினதுக்கு மன்னிச்சாச்சு. இந்த ஓட்டை வழியா மழை ஒரு சொட்டு உள்ள வந்தா, அன்னிக்கே சாவி" என்றார். ஓட்டைக்கு மேலே தகரத்தில் ஒரு தொப்பி செய்து மாட்டினால் மழை இறங்காது; தகரக்காரர் புதன்கிழமைதான் கொண்டுவருகிறார். "அதுவரைக்கும் மழை வராதுன்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டார் ஓனரம்மா.

அங்கேதான் நீ வருகிறாய். "என் மாப்பிள்ளை வானிலை அலுவலகத்துல இருக்கான். அவனைக் கேக்காம இந்தத் தெருவுல ஒரு துளி விழாது" என்று சொல்லிவிட்டேன். நீ அங்கே தபால் பிரிவில் உறை ஒட்டுகிறாய் என்பது எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஓனரம்மா எழுத்தில் கேட்கிறார். ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் அலுவலகத் தாளில், கீழ்க்கண்ட தெருவில் புதன்கிழமை வரை மழை கிடையாது என்று இரண்டு வரி எழுதி, வட்ட சீல் ஒன்று குத்தி அனுப்பு. வானம் மூன்று மாதமாக என் இஸ்திரிப் பெட்டி மாதிரி வறண்டு கிடக்கிறது, பொய் சொன்னதாகவும் ஆகாது. இனிமேல் நீரின் சுழற்சியில் உங்கள் அலுவலகத்துக்கு ஏதாவது சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் எனக்கு எழுதச் சொல். வான விஷயத்தில் இனி நான் தவறுவதற்கு வழியே இல்லை.

உன் அம்மாவுக்கு என் வணக்கம், உனக்கு என் ஆசி. நீ தொட்ட உறையெல்லாம் ஒட்டட்டும், உன் சட்டைக் காலர் என்றும் அழுக்கடையாதிருக்கட்டும், உன் தலைமுடி உன்னைவிட்டுப் போகாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
நீரின் சுழற்சியை நேரில் கண்ட
உன் தாய்மாமன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், மழை பிடித்துக்கொண்டது. மேலே கேட்ட சான்றிதழை அனுப்பாதே, எழுதியிருந்தால் கிழித்துப் போடு. ஓட்டை மேல் பலகை வைத்தேன், காற்று தூக்கிப் பட்டறைப் பக்கம் போட்டது. ஆகவே நானே ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஆண்டவன் எனக்குக் கொடுத்த அகலம் ஓட்டைக்கு மிகச் சரியாக இருக்கிறது. இதைக் கூரை மேலிருந்துதான் எழுதுகிறேன், அங்கங்கே எழுத்து கரைந்திருந்தால் வியர்வை என்று நினைத்துக்கொள். ஆனால் நான் ஏறுவதற்குள் ஏழெட்டுச் சொட்டு உள்ளே இறங்கிவிட்டது, ஓனரம்மா அதைப் பார்த்துவிட்டார். "இது மழைதானே?" என்றார். "இல்லம்மா, பழைய ஆவி, இப்பத்தான் இறங்குது" என்றேன். "எழுத்துல காட்டுங்க" என்கிறார். எனவே நீ அவசரமாக அனுப்ப வேண்டியது என்னவென்றால், இன்று எங்கள் தெருவில் மேலிருந்து விழுந்தது மழை அல்ல, என் சொந்த பாய்லரின் ஆவிதான், முழுக் குற்றமும் என்னுடையது என்று ஒரு சான்றிதழ். சீல் இரண்டு குத்து. பைண்டரும் உன் அத்தையும் ஏணியில் நின்று, "குடையையாவது பிடிச்சுக்கோங்க" என்று கத்துகிறார்கள். வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஓனரம்மா தன் மாடிச் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். குடை பிடித்தால் மழை என்று நானே ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடும்.